அவள் வந்த நேரம்

அப்பு,

போன ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் உனக்குப் போன் செய்தேன். நிர்மலாவை வத்தலக்குண்டில் அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு நீ மட்டும் ஓசூருக்குத் திரும்பி ஐந்து வாரம் ஆகிறதே, எப்போது கூட்டிக்கொண்டு போகப் போகிறாய் என்று கேட்டேன். நீ, "அவ வந்ததுல இருந்து ஒண்ணுமே சரியில்லம்மா. கல்யாணம் முடிஞ்ச மூணாம் மாசம் வேலை போச்சு. அடுத்து அப்பாவுக்கு நெஞ்சு வலி. அதுக்கப்புறம் நான் வண்டியில விழுந்து கைய ஒடிச்சுக்கிட்டேன். நான் யார் மேலயும் பழி சொல்லல. வரிசையா நடந்ததச் சொல்றேன்" என்றாய். "சரிப்பா, சாப்டியா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டேன். சின்ன வயதிலிருந்தே உன்னோடு வாய்ப்பேச்சில் நான் ஜெயித்ததில்லை. எழுதினால் ஒருவேளை நீ குறுக்கே பேசாமல் கேட்பாய். கேள். கொஞ்சம் நீளமாக இருக்கும்.

வரிசை என்று நீ சொன்னாயே, அந்தச் சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் சொன்னேன். காகிதத்தில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

வேடசந்தூர் ரோட்டு மில்லில் அம்மா சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். அங்கே என்ன வேலை என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. உனக்கு நினைவிருப்பதெல்லாம் சாயங்காலம் நான் வந்ததும் என் பின்னலில் ஒட்டியிருக்கும் பஞ்சை நீ ஒவ்வொன்றாக எடுப்பதுதான். எடுத்த பஞ்சையெல்லாம் உருட்டி உருட்டி ஒரு பந்து செய்து வைத்திருந்தாய். அது எலுமிச்சை அளவுக்கு வந்ததும் மழைத் தண்ணீரில் விழுந்து போயிற்று, நீ சோறு தின்னாமல் அழுதாய். எனக்கு அந்த நாட்கள் என்றாலே சத்தம்தான் நினைவுக்கு வரும். மில்லுக்குள் நுழைந்தால் ஆயிரம் தேனீக்கூட்டைக் கலைத்துவிட்ட மாதிரி ஒரு இரைச்சல். அதற்குள் பெண்கள் உதட்டசைவிலேயே பேசிக்கொள்வார்கள். யார் வீட்டில் என்ன வெஞ்சனம், யாருக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், எல்லாம் சத்தமில்லாமல் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்விடும். உணவு இடைவேளையில் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தால் தெற்கே மலைக்கோட்டை தெரியும். அந்த அமைதி காதை அடைக்கும். பி.எஸ்ஸி. இயற்பியல் படித்த நான், எங்கள் வகையறாவில் மாதச் சம்பளத்துக்குப் போன முதல் பெண். ரொம்பக் கர்வமாக இருந்தேன். நான் எழுதுகிற எண்கள் பொய் சொல்லாது என்று நம்பினேன்.

அந்த மில்லில் சவரிமுத்து என்று ஒரு ஃபிட்டர் இருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். நூற்கும் இயந்திரத்தில் நூல் சுற்றிக்கொள்கிற ஒவ்வொரு கதிரைச் சுற்றியும் ஒரு வளையம் உண்டு. அந்த வளையத்தில் நூலைப் பிடித்துக்கொண்டு ஓடும், நகக்கண் அளவு இரும்புக் கொக்கிக்கு டிராவலர் என்று பெயர். அது கனமாக இருந்தால் நூலை அதிகமாக இழுக்கும். "நாம போடுறது கனம் ஜாஸ்தி மேடம். ஒரு நம்பர் லேசாப் போட்டோம்னா நூல் அறுகிறது கொறையும், வேகத்தையும் கூட்டலாம்" என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மேனேஜர் கேட்டபாடில்லை. படிக்காத ஆள் சொல்வதை எப்படிக் கேட்பது என்ற நினைப்பு. கடைசியில் ஒரு பங்குனி மாதம், "சரி, லேப்ல சோதிச்சு ரிப்போர்ட் குடுங்க" என்று என்னிடம் விட்டார். சவரிமுத்துவுக்கு அப்போதுதான் கல்யாணமாகி இரண்டு மாதம். மில்லிலிருந்து நாங்கள் பாதிப் பேர் போய்ச் சாப்பிட்டு வந்தோம். சோதனை என்றதும் அவர் முகத்தில் இன்னொரு கல்யாணம் நடப்பது போல ஒரு சந்தோஷம்.

இரண்டு டிராவலர், கனமானதும் லேசானதும். இரண்டு வேகம், பழைய வேகமும் கூட்டின வேகமும். ஆக நான்கு விதம். ஒவ்வொரு விதத்திலும் இயந்திரத்தை ஓட்டி, ஓரமாக நாற்பத்தெட்டுக் கதிர்களில் எத்தனை தடவை நூல் அறுகிறது என்று எண்ண வேண்டும். இவ்வளவுதான் வேலை. எந்த விதத்தை முதலில் ஓட்டுவது, எதை அடுத்து என்று நான்தான் எழுதினேன். டிராவலரைக் கழற்றி மாட்டுவது கையை அறுக்கிற வேலை. ஒரே ஒரு தடவை மாற்றினால் போதுமே என்று காலையில் கனமானதை இரண்டு வேகத்திலும் முடித்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு லேசானதை மாட்டி இரண்டு வேகத்திலும் ஓட்டினேன். ஒழுங்கான வரிசை. பார்க்கவே அழகாக இருந்தது. மத்தியானம் நூல் அறுந்து கொட்டியது. அறுந்ததை ஒட்டுகிற முத்துலட்சுமி ஓடி ஓடி மூச்சு வாங்கினாள். காலையில் இருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு.

சவரிமுத்து பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். "மேடம், மத்தியான வெயில்ல எப்பவுமே அறுகிறது கூடத்தான செய்யும். நாளைக்குக் காலையில நான் சொன்னதப் போட்டு ஒருக்காப் பாருங்களேன்" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சவரிமுத்து, இது உங்க ஊர்ப் பஞ்சாயத்து இல்ல. நம்பர் பேசுது" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்த முகம் இன்றைக்கும் எனக்குத் தெரிகிறது, அப்பு.

ரிப்போர்ட் போயிற்று. லேசான டிராவலர் உதவாது என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். மேனேஜர் சவரிமுத்துவைக் கூப்பிட்டு, ஒரு வருடம் தன் நேரத்தை வீணாக்கியதாகத் திட்டி, இயந்திரப் பக்கமே வரக்கூடாது என்று கழிவுப் பஞ்சு கிடங்குக்கு மாற்றிவிட்டார். நல்ல ஃபிட்டரை மூட்டை கட்டப் போட்டால் எத்தனை நாள் இருப்பார்? மூன்று மாதம் இருந்தார். ஆனி மாதத்தில் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. பேகம்பூர்ப் பக்கம் தெருவெல்லாம் தண்ணீர் நிற்க, பஸ் சுற்றிக்கொண்டு போன நாள் ஒன்று. அன்றைக்கு மத்தியானம் முத்துலட்சுமி கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றாள். ஏன் என்று கேட்டால், "மழை பேஞ்சா எங்களுக்கு லீவு மாதிரி மேடம், நூலு அறுகாது. வெயில் காலத்துல காலையில ராணி, மத்தியானம் கழுதை" என்று சிரித்தாள். பஞ்சுக்கு ஈரக்காற்று வேண்டும். காற்று காய்ந்தால் நூல் முறுகி அறும். எங்கள் மில்லில் ஈரக்காற்று ஊதுகிற இயந்திரம் பழசு, பங்குனி வெயிலுக்கு அது ஈடுகொடுக்காது. இது எனக்குத் தெரியாததா? பாடப்புத்தகத்திலேயே படித்ததுதான். நேரே போய்ப் பழைய ஏடுகளை எடுத்தேன். எந்த மாற்றமும் செய்யாத நாட்களின் ஏடுகள். ஒவ்வொரு கோடை நாளிலும் காலை பத்து மணிக்கு ஒரு கணக்கு, பிற்பகல் மூன்று மணிக்கு அதைவிடக் கூட. அதே டிராவலர், அதே வேகம், அதே ஆள். நேரம் ஏற ஏற அறுந்தது, அவ்வளவுதான். நான் சோதித்தது டிராவலரை இல்லை. காலையையும் மத்தியானத்தையும் சோதித்துவிட்டு, மத்தியானத்தின் குற்றத்தைச் சவரிமுத்து தலையில் எழுதியிருந்தேன்.

அதே வெயில் வேண்டும் என்று அடுத்த பங்குனி வரை காத்திருந்தேன். மேனேஜரிடம் கெஞ்சி ஆறு நாள் வாங்கினேன். பொழுது ஏறுவதை என்னால் நிறுத்த முடியாது. ஆனால் எந்த டிராவலர் எந்தப் பொழுதில் ஓட வேண்டும் என்பதை என் சௌகரியம் தீர்மானிக்கக் கூடாது, யாருடைய விருப்பமும் தீர்மானிக்கக் கூடாது. நான்கு விதத்தையும் நான்கு சீட்டில் எழுதி, ஒவ்வொரு நாள் காலையிலும் புதிதாகக் குலுக்கி, வருகிற வரிசைப்படி ஓட்டுவது என்று வைத்தேன். அப்படிச் செய்தால் வெயில் ஒரே தலையில் விழாது. ஒரு நாள் இதன்மேல், ஒரு நாள் அதன்மேல் என்று பரவிப் போகும். மில்லே கேலி செய்தது. "மேடம் மாரியம்மன் கோயில்ல பூக்கட்டிப் பாக்குற மாதிரி மிஷின் ஓட்டுறாங்க" என்றார்கள்.

முதல் நாள் சீட்டு எப்படி வந்தது தெரியுமா? கனமானது இரண்டும் முதலில், லேசானது இரண்டும் பின்னால். போன வருடத்து வரிசையே. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சீட்டுகளைத் திரும்ப டப்பாவில் போடப் போனேன். முத்துலட்சுமி என் கையைப் பார்த்துவிட்டு, "புடிக்கலைன்னு திருப்பிக் குலுக்குனா, அப்புறம் சீட்டு எதுக்கு மேடம்? நீங்களே எழுதிக்கிற வேண்டியதுதான?" என்றாள். எட்டாவது வரை படித்தவள். வாயை மூடிக்கொண்டு அந்த வரிசையிலேயே ஓட்டினேன். அன்றைக்கும் லேசானதில்தான் அதிகம் அறுந்தது. நான்தான் சரியோ, சவரிமுத்து தப்போ என்று மனதுக்குள் ஒரு சின்ன ஆறுதல்கூட வந்தது. அதை உன்னிடம் மறைக்கவில்லை. ஆனால் மற்ற ஐந்து நாட்களும் சீட்டு கலைந்து கலைந்து வந்தது. எங்கள் விரல்களெல்லாம் டிராவலர் மாற்றி மாற்றிக் கிழிந்து போயின. ஆறாம் நாள் சாயங்காலம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தேன். பழைய வேகத்தில் கனமானதற்கும் லேசானதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கூட்டின வேகத்தில் லேசானது நன்றாக இருந்தது, கனமானது தாங்கவில்லை. சவரிமுத்து ஒரு வருடமாகச் சொன்ன அதே வார்த்தை.

மேனேஜர் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, "நல்லது, இனி இதையே போடுங்க" என்றார். சவரிமுத்துவைத் திரும்பக் கூப்பிடலாமா சார் என்றேன். "போனவன் போயிட்டாம்மா. இப்ப எதுக்கு அது?" என்று அடுத்த காகிதத்தை எடுத்துக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். செம்பட்டி போய், அங்கிருந்து ஆத்தூர் பஸ் பிடித்து, இறங்கி ஒரு மைல் தென்னந்தோப்பு வழியாக நடை. சவரிமுத்து தோட்டத்து மோட்டார்களைப் பழுது பார்த்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கை துடைத்து, "வாங்க மேடம்" என்றார். அதே மரியாதை. அவர் மனைவி லூர்து கைக்குழந்தையோடு வந்து நின்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். என் தப்பு, நான் எழுதின வரிசை தப்பு, நீங்கள் சொன்னதுதான் சரி என்றேன். சவரிமுத்து தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். "இம்புட்டுத் தூரம் வந்து சொன்னீங்களே, அது போதும் மேடம். இந்த மோட்டார் வேலையும் நல்லாத்தான் போகுது" என்றார்.

லூர்துவுக்குப் போதவில்லை. "அப்ப நான் காரணம் இல்லையாக்கா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "இவருக்கு வேலை போனதுல இருந்து எங்க மாமியா என்னைத்தான் சொல்லுது. கல்யாணமாகி ரெண்டே மாசத்துல மில்லுல கெட்ட பேரு, அஞ்சாம் மாசம் வேலை போச்சு, எல்லாம் இவ வந்த நேரம்னு. தண்ணிக்குப் போனா, கோயிலுக்குப் போனா, எல்லார்ட்டயும் சொல்லுது. போன பெருநாளைக்கு என் கையால சமைக்க விடல." பிறகு குரலை இறக்கி, "அந்தா கொல்லையிலதான் இருக்கு. எனக்குச் சொன்ன இதையே அதுகிட்டயும் ஒருக்காச் சொல்றீகளாக்கா?" என்றாள்.

நான் கொல்லைப் பக்கம் பார்த்தேன். அந்த அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தார். பத்தடி தூரம்தான். என்ன சொல்வார், எப்படித் திட்டுவார், ஒரு படித்த பொம்பளை உன் எழுத்தால் என் மகன் வேலை போச்சா என்று கேட்டால் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்றெல்லாம் ஓடியது. கடிகாரத்தைப் பார்த்தேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா. இன்னொரு நாள் வந்து சொல்றேன்" என்றேன். லூர்து குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள். நான் வந்துவிட்டேன். அந்த இன்னொரு நாள் வரவேயில்லை, அப்பு. உனக்கு அம்மை போட்டது, அப்புறம் தேர்வு, அப்புறம் தாத்தா இறந்தது, இப்படி ஒவ்வொரு காரணம். இரண்டு வருடம் கழித்துக் கேட்டபோது குடும்பமாகத் திருப்பூர் போய்விட்டதாகச் சொன்னார்கள். சோதனையைத் தப்பாக நடத்தியதை நான் மன்னித்துக்கொண்டுவிட்டேன், தெரியாமல் செய்தது. அந்தக் கொல்லைக்குப் பத்தடி நடக்காததை இன்னும் மன்னிக்க முடியவில்லை.

இப்போது உன் வரிசைக்கு வருகிறேன். உன் கம்பெனியில் கல்யாணத்துக்கு முந்தின வருடமே ஆள் குறைக்கத் தொடங்கிவிட்டார்கள். தீபாவளிக்கு வந்தபோது, "என் பக்கத்து சீட்டு காலிம்மா, அடுத்து நானாக்கூட இருக்கும்" என்று நீதான் சொன்னாய். அப்பாவுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்கியது இரண்டு வருடமாக. வாயு என்று சொல்லி மாத்திரை போட்டுக்கொண்டு உன்னிடம் மறைக்கச் சொன்னார், நானும் மறைத்தேன். உன் கை ஒடிந்தது, அந்த வேலை போனதால் தேடிக்கொண்ட புது வேலைக்கு அறுபது கிலோமீட்டர் வண்டியில் போய் வந்த அசதியால். இதெல்லாம் நிர்மலா நம் வீட்டு வாசலை மிதிக்கும் முன்னாலேயே ஏறத் தொடங்கிவிட்ட வெயில். அவள் மத்தியானத்தில் வந்து சேர்ந்தாள், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முந்திய ஏட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்திருந்தால் உனக்கே தெரிந்திருக்கும். மனுச வாழ்க்கையில் சீட்டுக் குலுக்க முடியாது, அது எனக்கும் தெரியும். அவள் இல்லாமல் அதே வருடத்தை இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்க முடியாது. அப்படிப் பார்க்க முடியாத இடத்தில் தீர்ப்பு எழுதாமலாவது இருக்கலாம்.

உன்மேல் மட்டும் குற்றம் சொன்னால் நான் பொய்க்காரி. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கு உன் அத்தை வராந்தாவில் உட்கார்ந்து, "என்ன நேரத்துல கால வச்சாளோ" என்றார். நிர்மலா காபி பிளாஸ்க்கோடு நான்கடி தள்ளி நின்றாள். அவள் காதில் விழுந்தது எனக்குத் தெரியும். லூர்துவைத் தெரிந்த நான், மில்லில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்த நான், ஒரு வார்த்தை பேசவில்லை. நாத்தனாரோடு அந்த நேரத்தில் எதற்குச் சண்டை என்று இருந்துவிட்டேன். நீ அதைக் கேட்டுத்தான் பிடித்துக்கொண்டாயோ என்னவோ.

அதனால் நேற்று வத்தலக்குண்டு போனேன். போகும் முன் உன் அத்தைக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். அவர் இனி என்னோடு பேச மாட்டாராம், பரவாயில்லை. நிர்மலாவின் அப்பா, அம்மா, பக்கத்து வீட்டுக்காரம்மா எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே சொன்னேன்: "என் வீட்டுல நடந்த எதுக்கும் இந்தப் புள்ள காரணமில்ல. ஆஸ்பத்திரியில நான் வாயத் தொறந்திருக்கணும். தொறக்கல. அது என் தப்பு." அவள் அம்மா அழுதார். நிர்மலா அழவில்லை. எனக்குச் சாதம் போட்டாள், மீன் குழம்பும் கத்தரிக்காயும். சாப்பிட்டு முடித்ததும், என்னோடு கிளம்பி வாம்மா என்று கூப்பிட்டேன்.

"உங்க பேச்ச நம்புறேன் அத்தே" என்றாள். "ஆனா நான் வரல. நேரம் சரியில்ல, கொஞ்ச நாள் இங்க இருக்கட்டும்னு வாசல்ல நின்னு எங்கப்பாகிட்டச் சொன்னது நீங்க இல்லையே."

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. அவள் சொன்னது நியாயம்.

இந்த வாரம் லீவு போடு. என்னைத் துணைக்குக் கூப்பிடாதே, அப்பாவைத் தூது அனுப்பாதே, போனில் பேசி முடிக்கப் பார்க்காதே. நேரே போ. அவர்கள் உன்னை உள்ளே வரச் சொல்வார்கள், அவ்வளவு நல்ல மனிதர்கள். உள்ளே போய்விட்டால் அவளைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொல்லிவிடலாம் என்று உனக்குத் தோன்றும். உள்ளே போகாதே. செருப்பைக் கழற்றுமுன், அவள் அப்பா வெளியே வரும்வரை அந்த வாசலிலேயே நில். அவர் வந்ததும் சொல், தெருவுக்குக் கேட்கிற மாதிரி.

உன் அம்மா